கண்டிக்கோட்டை விளிம்பில்

நம் தேசத்தில் ஓர் ஊரைப் புகழவேண்டுமானால் வேறொரு தேசத்து ஊரின் பெயரைக் கடன் வாங்குவது வழக்கமாகிவிட்டது. கோயமுத்தூரைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்கிறோம். பாளையங்கோட்டையைத் தென்னிந்திய ஆக்ஸ்போர்டு என்கிறோம். சிவகாசிக்குக் குட்டி ஜப்பான் என்று பட்டம் கட்டியாயிற்று. நம் சாக்கோட்டைக்கு இதுவரை அப்படிப்பட்ட பட்டம் எதுவும் வந்து சேராமலிருப்பது வீரசேகரர் கிருபை என்றே நினைக்கிறோம்.

இந்தப் பட்டமளிப்பில் ஆந்திர தேசத்துக் கடப்பை ஜில்லாவிலுள்ள கண்டிக்கோட்டையும் தப்பவில்லை. பெண்ணையாறு எர்ரமலைத் தொடரை அறுத்துக்கொண்டு ஓடும் இடம் அது. அமெரிக்காவில் கொலராடோ ஆறு அறுத்த பள்ளத்தாக்கு உலகப் பிரசித்தி பெற்றதாகையால், நம்மவர்கள் இதற்கு 'இந்தியாவின் கிராண்ட் கான்யன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சென்ற அரையாண்டு விடுமுறையில் உபாத்தியாயர்கள் மூவர் குடும்பத்தோடும் குழந்தைகளோடும் அங்கே புறப்பட்டோம். செய்தி தெருவில் பரவியதும் எதிர்வீட்டு ஆச்சி வந்து, "கண்டிக்கா போறீக? எங்க அய்யா அங்கேதான் கொண்டுவிக்கப் போயிருந்தாக. கப்பல்லயா, விமானத்துலயா?" என்று விசாரித்தார். செட்டிநாட்டில் கண்டி என்றால் இலங்கைக் கண்டிதான். தெலுங்கில் கண்டி என்றால் மலையிடுக்கு என்றும், இதற்குக் கடல் தாண்ட வேண்டாம், ரயிலேறினால் போதும் என்றும் சொன்னபோது ஆச்சிக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஆச்சியின் ஏமாற்றத்திலும் ஒரு நியாயம் உண்டு. நம் பக்கத்து மனிதர்கள் பர்மாவையும் மலேயாவையும் இலங்கையையும் பார்த்திருக்கிறார்கள். கடப்பையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஆனால் கடப்பையோ நம் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. சமையலறை மேடையிலும் அலமாரித் தட்டுகளிலும் கரும்பலகைபோல் கிடக்கிறதே, அந்தக் கல்லுக்குக் கடப்பைக்கல் என்று பெயர் வந்தது அந்த ஜில்லாவினால்தான். தினந்தோறும் அதன்மேல் காய்கறி நறுக்குகிறோம். அது பிறந்த ஊரை ஒரு நாளும் நினைத்ததில்லை.

காரைக்குடியிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து பம்பாய் மார்க்கத்தில் ரேணிகுண்டா வழியாகக் கடப்பைக்கும் ரயில். பிறகு எர்ரகுண்ட்லா, ஜம்மலமடுகு வழியாகப் பஸ் பிரயாணம். எர்ரகுண்ட்லாப் பக்கம் வரும்போது கல்லெடுக்கும் குழிகளும், பலகை பலகையாக அறுத்து அடுக்கிய கல் வரிசைகளும் கண்ணில் பட்டன. நம்முடன் வந்த பெண்மணிகள் "அட, நம்ம அடுப்பு மேடை!" என்று குதூகலித்தார்கள். ஜம்மலமடுகிலிருந்து கண்டிக்கோட்டை சுமார் 15 கிலோமீட்டர்.

வழியெல்லாம் வறட்சிதான். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது; வடகிழக்குப் பருவமழை அங்கே போய்ச் சேருவதற்குள் இளைத்துவிடுகிறது. பக்கத்து ஜில்லாவான அனந்தபுரம், தென்னிந்தியாவில் மழை மிகவும் குறைந்த பிரதேசங்களில் ஒன்று. ராஜஸ்தானத்து மணற்கடலைப்போல் இது பாலைவனம் அன்று. ஆனால் நம் முன்னோர்கள் பாலை என்று எதைச் சொன்னார்களோ, அதற்கு இது பொருந்தும். குறிஞ்சியும் முல்லையும் மழை பொய்த்து இயல்பு திரிந்து நிற்கும் நிலைதான் பாலை என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் விளக்கியிருக்கிறார். முட்செடியும் செங்கல் நிறப் பாறையுமான அந்த மலையைப் பார்த்தவுடன் இதைப் பாடம் நடத்தாமலே குழந்தைகள் புரிந்துகொண்டார்கள். ஊருணித் தண்ணீரைக் குடமாக அளந்து குடித்த ஊரிலிருந்து போனவர்களுக்கு வறண்ட பூமி அந்நியமாகத் தோன்றவில்லை.

கோட்டை வாசலைக் கடந்தால் உள்ளே ஒரு சிறு கிராமம். மக்கள் இன்றும் அங்கே குடியிருக்கிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள், வாசலில் கோலம் போடுகிறார்கள். அப்பால் ஒரு தானியக் களஞ்சியம், மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், ஜும்மா மசூதி. கோயில் கோபுரமும் மசூதி மினாரும் ஒரே பார்வைக்குள் அடங்குகின்றன. இவற்றைத் தாண்டிப் பாறைக் குவியல்களின்மேல் ஏறிச் சிறிது தூரம் நடந்தோம். அதற்குமேல் நடக்கப் பூமி இல்லை. காலடியில் சுமார் 300 அடி ஆழம். எதிரே அதேபோல் செங்குத்தான இன்னொரு சுவர். அடியில் பச்சை நிறத்தில் ஆறு வளைந்து கிடந்தது. அத்தனை நேரம் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பதினோரு குழந்தைகளும் ஒரே சமயத்தில் வாயடைத்து நின்றதை நம் உத்தியோக காலத்தில் அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம்.

பாறை ஒவ்வொன்றும் அடுக்கடுக்காக இருந்தது. பழைய வட்டிக்கடையில் பேரேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல என்றால் நம் பக்கத்து வாசகர்களுக்கு விளங்கும். அது உண்மையில் மணல். ஆழமில்லாத நீரில் படிந்த மணல், மேலே விழுந்த பாரத்தால் இறுகிக் கல்லாகி, நாளடைவில் குவார்ட்சைட் என்னும் மிகக் கடினமான பாறையாகிவிட்டது. நூல்களில் இதற்குக் கண்டிக்கோட்டைக் குவார்ட்சைட் என்றே பெயர். கடப்பைப் படுகை என்று புவியியல் அறிஞர்கள் சொல்லும் பெரும் பள்ளம் சுமார் 190 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. அதில் பின்னர் படிந்த இந்த மணலுக்கே வயது 100 கோடி ஆண்டுகள் இருக்கும். எலும்பும் ஓடும் உள்ள பிராணி ஒன்றுகூட அப்போது உலகத்தில் இல்லை.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், இவ்வளவு கெட்டியான கல்லை வெறும் தண்ணீர் எப்படி வெட்டும்?" நல்ல கேள்வி. வெறும் தண்ணீர் வெட்டாது. வெள்ளம் வரும்போது மணலையும் கூழாங்கல்லையும் உருட்டிக்கொண்டு வருகிறது, அவைதாம் அரம். பாறையில் இயற்கையாகவே நெட்டுக்குத்தான வெடிப்புகள் உண்டு. அடியில் அரிக்க அரிக்க, அந்த வெடிப்பை ஒட்டிக் கல் கட்டி கட்டியாகச் சரிந்து விழுகிறது. அதனால்தான் சுவர் சாய்வாக இராமல் செங்குத்தாக நிற்கிறது. விழுந்த கட்டிகளை அடுத்த வெள்ளம் இழுத்துக்கொண்டு போகிறது. வருஷத்தில் பெரும்பகுதி மெலிந்து கிடக்கும் ஆறு, சில நாள் வெள்ளத்தை வைத்துக்கொண்டு செய்த வேலை இது. "அப்படியென்றால் எத்தனை வருஷம்?" என்று அவன் விடவில்லை. "உன் தாத்தாவுக்குத் தாத்தா எண்ண ஆரம்பித்திருந்தாலும் இன்னும் முதல் விரலை மடக்கியிருக்க மாட்டார்" என்றோம்.

இந்த ஆறு நமக்கு உறவுக்காரி என்பதையும் அங்கேதான் சொன்னோம். மைசூர்ச் சீமையில் நந்தி மலைப் பிரதேசத்தில் இரண்டு பெண்ணைகள் பிறக்கின்றன. தென்பெண்ணை கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை ஜில்லாக்கள் வழியாக வந்து கடலூர் அருகே கடலில் சேருகிறது. வடபெண்ணை சுமார் 600 கிலோமீட்டர் ஓடி நெல்லூர் ஜில்லாவில் கடலில் சேருகிறது. ஒரு தாய் வயிற்றுப் பெண்கள் இருவரில் ஒருத்தி தமிழ்நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். மற்றவள் மலையை உடைத்துக்கொண்டு தெலுங்கு நாட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது கொலராடோவுக்கு வருவோம். அந்தப் பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர். ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். சில இடங்களில் அகலம் 29 கிலோமீட்டர். கண்டிக்கோட்டையை அதன் பக்கத்தில் வைத்தால் யானைக்கு அருகில் ஆட்டுக்குட்டிதான். ஆனால் வயதில் ஆட்டுக்குட்டி இளைத்ததன்று. அங்கே விளிம்பில் நிற்பவர்களின் காலடிப் பாறைக்கு வயது 27 கோடி ஆண்டு. நாம் கண்டிக்கோட்டை விளிம்பில் மிதித்து நின்ற பாறை அதைவிடப் பன்மடங்கு பழமையானது. அளவுக்காக மட்டும் ஒப்பிட்டால் நம்முடையது குட்டியாகிவிடும். தன் பெயரோடு தனியே நின்றால் அதற்கு யாதொரு குறையுமில்லை.

கோட்டையின் கதையும் சாமான்யமானதன்று. மூன்று பக்கமும் பள்ளமும் மலையும் காவல் காக்க, பெம்மசானி நாயக்கர்கள் இங்கே ஆண்டார்கள். சின்ன திம்மநாயுடு காலத்தில், 1650-ஆம் வருஷம், கோல்கொண்டா சுல்தானின் மந்திரியான மீர் ஜும்லா இதைப் பிடித்தான். இரண்டு வருஷங்களுக்குப் பிறகு பிரெஞ்சு ரத்தின வியாபாரி தவர்னியே இங்கே வந்து மீர் ஜும்லாவைச் சந்தித்தார். கோயில்களிலிருந்து கொண்டுவந்த செம்புத் திருமேனிகளை உருக்கி, பிரான்சு தேசத்துக்காரன் ஒருவனைக் கொண்டு பீரங்கி வார்க்க ஏற்பாடு நடந்ததை அவர் எழுதிவைத்திருக்கிறார். ஆண்டவர்களும் போனார்கள், பிடித்தவர்களும் போனார்கள், பீரங்கி வார்த்தவனும் போய்விட்டான். கோட்டைக்குள் இன்று மிஞ்சியிருப்பவர்கள் ஆடு மேய்க்கும் அந்தக் கிராமத்து ஜனங்கள்தாம்.

விளிம்பின் நிலைமையையும் சொல்லியாக வேண்டும். நாம் நின்ற இடத்தில் தடுப்புக் கம்பி கிடையாது. வாலிபர்கள் பாறை நுனியில் முதுகைப் பள்ளத்துக்குக் காட்டி நின்றுகொண்டு கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் வயிறு கலங்கியதே தவிர அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாறை இடுக்குகளில் பிளாஸ்டிக் பாட்டில்களும் தின்பண்ட உறைகளும் செருகிக் கிடந்தன. சில கற்களில் காதலர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. 100 கோடி ஆண்டு பொறுத்திருந்த கல்லுக்கு இந்தப் பெயர்களையும் சுமக்க வேண்டிய தலைவிதி.

பாதை ஓரத்தில் மோர் விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவி, வியாபாரம் ஓய்ந்த வேளையில் அந்தப் பாட்டில்களைப் பொறுக்கி ஒரு கோணிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். நமக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் பேச்சுக் கொடுத்தோம். பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, எல்லாம் கோட்டைக்குள்ளேயே என்றாள். "நீங்கள் பள்ளத்தைப் பார்க்க வருகிறீர்கள். நாங்கள் உங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்கள் படித்தவர்கள், சொல்லுங்கள். இங்கே பெரிய பெரிய கட்டடங்கள் வரப்போகின்றன என்கிறார்களே, அப்போது எங்களை இருக்க விடுவார்களா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2024-ஆம் வருஷம் மத்திய சர்க்கார் கண்டிக்கோட்டையைச் சிறந்த சுற்றுலா ஸ்தலமாக ஆக்குவதற்கென்று சுமார் 78 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்த வட்டாரத்து மக்களுக்கு இடம் பெயர்வது என்றால் என்னவென்றும் தெரியும். மலையிடுக்குக்குக் கீழே மைலவரம் அணையும் மேலே கண்டிக்கோட்டை நீர்த்தேக்கமும் இருக்கின்றன. மேலே உள்ள நீர்த்தேக்கத்துக்குக் கிருஷ்ணா நதியின் தண்ணீர் ஸ்ரீசைலத்திலிருந்து கால்வாய் வழியாக வருகிறது. தாகத்தால் தவித்த ராயலசீமைக்கு அது அமிர்தம். அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்காகக் கொண்டாபுரம் பக்கத்துக் கிராமங்கள் நீரில் மூழ்கி, குடும்பங்கள் மூட்டை கட்டவேண்டியிருந்தது. தண்ணீருக்காக ஊரை விட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள், வேடிக்கை பார்க்க வருபவர்களுக்காகவும் ஊரை விட வேண்டுமோ என்று அஞ்சுவதில் வியப்பென்ன?

கிழவிக்கு அப்போது நாம் தக்க பதில் சொல்லவில்லை. ஊர் திரும்பிய பிறகு கிராண்ட் கான்யனின் சரித்திரத்தைப் படித்தபோது அவளுடைய கேள்வி அங்கேயும் இருப்பதைக் கண்டோம். அந்தப் பள்ளத்தாக்கைக் காத்தவர்களின் பெருமை முதலில். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சுரங்க உரிமை வாங்கிவைத்திருந்த ஒருவர், பள்ளத்தாக்கில் இறங்கும் பாதையில் நின்று தலைக்கு ஒரு டாலர் சுங்கம் வசூலித்துக்கொண்டிருந்தார். 1903-இல் அங்கே போன ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், இதை உள்ளது உள்ளபடியே விட்டுவிடுங்கள், உங்களால் இதை மேலும் அழகாக்க முடியாது என்ற கருத்தில் ஜனங்களிடம் பேசினார். 1908-இல் அது தேசியச் சின்னமாயிற்று. 1919-இல் தேசியப் பூங்காவாயிற்று. சுங்கம் வசூலித்த பாதையும் 1928-இல் பொதுச் சொத்தாகிவிட்டது. இன்று வருஷத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் பேர் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆறு பள்ளத்தாக்கைத்தான் உண்டாக்கியது. பூங்காவை உண்டாக்கியது மனிதர்களின் அடக்கம்.

ஆனால் அந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. பள்ளத்தாக்கிலும் அதன் மேட்டிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் ஹவசுப்பாய் என்னும் பழங்குடி மக்கள். 1882-இல் அவர்களுக்கென்று அளந்து கொடுத்த நிலம் 518 ஏக்கர்தான். வேட்டையாடிய காடும் குளிர்காலத்தில் குடியேறிய மேடும் கைவிட்டுப் போயின. பூங்கா வந்த பிறகு, பாட்டன் பூட்டன் பயிரிட்ட தோட்டத்திலேயே அவர்கள் அந்நியர்களானார்கள். நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு 1975-இல்தான் சுமார் 1,85,000 ஏக்கர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. பாதையோரத்துத் தோட்டம் ஒன்றுக்கு அவர்கள் பெயரை மறுபடி சூட்டியது 2022-இல். கல்லைக் காப்பாற்றத் தெரிந்த தேசத்துக்கு, அந்தக் கல்லோடு வாழ்ந்த மனிதரையும் காப்பாற்ற வேண்டுமென்று தோன்ற இத்தனை காலம் பிடித்தது. கிராண்ட் கான்யனின் பெயரைக் கடன் வாங்கும் நாம், அந்தப் பாடத்தையும் சேர்த்துக் கடன் வாங்கினால் புத்திசாலிகளாவோம்.

செட்டிநாட்டிலிருந்து இதைச் சொல்வதற்கு நமக்கு ஓர் அருகதை உண்டு. நாமும் இப்போது வேடிக்கைப் பொருளாகிவிட்டோம் அல்லவா? தெருவில் நின்று நம் வளவுகளையும் முகப்புகளையும் படம் பிடிக்க வருகிறார்கள். வரட்டும், அதனால் பல குடும்பங்களுக்குப் பிழைப்பும் கிடைக்கிறது. ஆனால் பூட்டிக் கிடந்த வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் கதவு நிலைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு வந்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். குடியிருப்பவர் உள்ள வீட்டில் தூணை எவரும் பெயர்க்க முடியாது. ஒரு ஸ்தலத்துக்குச் சிறந்த காவல், அங்கே விளக்கேற்றும் மனிதர்தாம். இதை நமக்கு யாரும் புத்தகத்திலிருந்து கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகையால் கண்டிக்கோட்டைக்கு வரும் பணம் எப்படிச் செலவாக வேண்டுமென்று நமக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆபத்தான விளிம்புகளில் கண்ணை உறுத்தாத தடுப்பு வேண்டும். குடிநீரும் நிழலும் கழிப்பிடமும் வேண்டும். இந்தக் கல்லின் வயதையும் ஆற்றின் வேலையையும் தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிய பலகைகள் வேண்டும். வழிகாட்டிகளும் காவலாளிகளும் உணவு விற்பவர்களும் அந்தக் கிராமத்தாராகவே இருக்க வேண்டும். மோர் விற்கும் கிழவி அங்கேயே மோர் விற்க வேண்டும். பாட்டில் பொறுக்கும் வேலை மட்டும் அவளுக்கு இல்லாமல் போகவேண்டும். அந்த வேலையை ஒழிப்பது சர்க்கார் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது.

போக விரும்பும் வாசகர்கள் ஐப்பசியிலிருந்து மாசிக்குள் போவது நலம். வெயில் காலத்தில் அந்தப் பாறைமேல் நிற்க முடியாது. சூரியோதயத்துக்கு முன்பே விளிம்புக்குப் போய்விடுங்கள். சிவந்த கல் மேலும் சிவப்பதைக் காணலாம். குழந்தைகளின் கையை விடாதீர்கள். தண்ணீரைச் செம்பு, எவர்சில்வர்ப் பாத்திரங்களில் கொண்டு போய், வெறும் பாத்திரத்தோடு திரும்புங்கள். யாராவது உங்களிடம், "இந்தியாவின் கிராண்ட் கான்யனைப் பார்த்தீர்களாமே?" என்று கேட்டால், "இல்லை, கண்டிக்கோட்டையைப் பார்த்தோம்" என்று பதில் சொல்லுங்கள்.